வீட்டு இணைய இணைப்பை மாற்றுதல்: சண்டிலிப்பாயிலும் தமிழ்நாட்டிலும்

வீட்டுக்கு வரும் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும்போது வேறொரு சேவை நிறுவனத்தை நாடுவது இலங்கைத் தமிழருக்கும் இந்தியத் தமிழருக்கும் இன்று பொதுவான காரியமாகிவிட்டது. ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் தென்மேற்குப் பிரிவிலுள்ள சண்டிலிப்பாயில் அது நடைபெறும் விதம் வேறு, தமிழ்நாட்டின் ஒரு சிறு நகரில் நடைபெறும் விதம் வேறு. தமிழ்நாட்டில் மாறுகிறவர் பழைய இணைப்பை விட்டுவிட்டுப் புதியதைப் பிடிக்கிறார். சண்டிலிப்பாயில் மாறுகிறவரோ பல வேளைகளில் பழையதைக் கைவிடாமலே புதியதையும் எடுத்துக்கொள்கிறார். வருமான ஏற்றத்தாழ்வைக் கொண்டோ மக்களின் மனப்போக்கைக் கொண்டோ இதை விளக்க முற்படுவது பெரிதும் பயன்படாது. வீட்டு வாசலை வந்தடையும் கடைசிச் சில நூறு மீற்றர் வழி யாருடைய கையில் இருக்கிறது என்பதிலிருந்தே இந்த வேறுபாடு பிறக்கிறது.

இந்தக் கடைசி வழியைத் தொலைத்தொடர்புத் துறையினர் அணுகு வலையமைப்பு என்பர். கடலடி வடமும் நாட்டின் முதுகெலும்பு வலையமைப்பும் எவ்வளவு வலுவாயிருப்பினும், தொலைபேசி நிலையத்திலிருந்தோ கோபுரத்திலிருந்தோ வீட்டுச் சுவர் வரைக்கும் உள்ள தூரத்தில் ஏற்படும் பழுதே சந்தாதாரரின் கண்ணில் படுவது. இலங்கையில் அந்தக் கடைசி வழி நெடுங்காலம் அரசிடமே இருந்தது. தொலைத்தொடர்புத் திணைக்களம் 1991 இல் கூட்டுத்தாபனமாகவும் 1996 இல் ஸ்ரீலங்கா ரெலிகொம் என்னும் கம்பனியாகவும் மாற்றப்பட்டு, 1997 இல் அதன் 35 சதவீதப் பங்கு யப்பானின் என்ரிரி நிறுவனத்துக்கு விற்கப்பட்ட பின்னரும், வீடுகளுக்குச் செல்லும் கம்பி அந்த ஒரே நிறுவனத்தின் உடைமையாகவே நீடித்தது. 1996 இல் உரிமம் பெற்ற சன்ரெல், லங்கா பெல் ஆகியவை கம்பி இழுக்க முற்படாமல் வானலை வழியாகவே வீட்டுத் தொலைபேசியை வழங்கின.

குடாநாட்டில் இதன் விளைவு இன்னும் அழுத்தமாக வெளிப்பட்டது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் யாழ்ப்பாணம் தேசிய மின் வலையமைப்பிலிருந்தும் தொலைபேசி வலையமைப்பிலிருந்தும் ஆண்டுக்கணக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தமையால், கொழும்பில் செம்புக் கம்பி வீடுவீடாகப் பரவிய காலத்தில் வலிகாமத்தில் இருந்த கம்பிகளும் அழிந்துகொண்டிருந்தன. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் கைத்தொலைபேசியும் கம்பியற்ற வீட்டுத் தொலைபேசியும் செம்புக் கம்பியை முந்திக்கொண்டு பல வீடுகளுக்குள் புகுந்தன. ஆகவே சண்டிலிப்பாய்க்காரர் ஒருவர் இன்று வீட்டு இணையத்துக்கு மாற்று வழி தேடும்போது அவர் முன் பெரும்பாலும் நிற்பவை இரண்டே: ஸ்ரீலங்கா ரெலிகொம்மின் கம்பி அல்லது ஒளியிழை ஒன்று, டயலொக் போன்ற நிறுவனத்தின் கோபுரத்திலிருந்து நான்காம் தலைமுறை அலைவரிசை வழியாக வீட்டு ரவுட்டருக்கு வரும் இணைப்பு மற்றது. அதாவது அங்கே நிறுவனத்தை மாற்றுவது என்பது ஊடகத்தையே மாற்றுவதாகவும் முடிகிறது.

ஊடகம் மாறும்போது பழுதின் முகமும் மாறுகிறது. செம்புக் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல் என்னும் பழைய முறையில், நிலையத்திலிருந்து வீடு தூரமாகத் தூரமாக வேகம் குறையும். மாரி மழையில் கம்பி இணைப்புகளுக்குள் நீர் புகுந்தால் முதலில் தொலைபேசியில் இரைச்சல் கேட்கும், பின்னர் இணையம் விட்டுவிட்டு வரும், ஈற்றில் இரண்டும் நின்றுவிடும். ஒளியிழை என்பது தலைமயிரளவு கண்ணாடி நார் வழியாக ஒளித்துடிப்பைக் கடத்துவது; மழை அதற்குப் பொருட்டல்ல. ஆனால் ஒழுங்கையின் குறுக்கே செல்லும் அந்த மெல்லிய கறுப்புக் கம்பியின் மேல் ஒரு காய்ந்த தென்னோலையோ பனை மட்டையோ விழுந்துவிட்டால், விறாந்தைச் சுவரில் மாட்டியிருக்கும் ஓஎன்டி எனப்படும் முனையப் பெட்டியில் எல்ஓஎஸ் என்று குறித்த விளக்கு சிவப்பாகச் சிமிட்டத் தொடங்கும். ஒளி வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். வீட்டார் பெட்டியை எத்தனை தரம் நிறுத்திப் போட்டாலும் அந்த விளக்கு அணையாது. நிறுவனத்தின் ஆள் வந்து நாரை ஒட்டித்தான் ஆகவேண்டும்.

கோபுர இணைப்பின் சிக்கல் வேறு வகையானது. அது அறுவதில்லை, நெரிகிறது. ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அந்தச் சுற்றாடலின் வீட்டு ரவுட்டர்களும் கைத்தொலைபேசிகளும் பங்கிட்டுக்கொள்வதால் மாலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வேகம் வீழ்ந்துவிடும். சண்டிலிப்பாய், மானிப்பாய், சங்கானை போன்ற ஊர்களில் இந்த நேரத்துக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. ரொறன்ரோவில் காலையும் லண்டனிலும் பாரிசிலும் பிற்பகலுமாக இருக்கும் அந்த வேளையில்தான் புலம்பெயர்ந்த பிள்ளைகள் பெற்றோருடன் காணொளியில் பேசுகிறார்கள். பேரப்பிள்ளைகளின் நிகழ்நிலை வகுப்புகளும் அதே வேளையில்தான் நடைபெறுகின்றன. இணைப்பு மோசம் என்ற முறைப்பாடு முதலில் எழுவது பல சமயங்களில் கனடாப் பக்கத்திலிருந்துதான். மாதக் கட்டணமும் அங்கிருந்து வருமாயின், எந்த நிறுவனத்துக்கு மாறுவது என்ற தீர்ப்பும் அங்கேயே எழுதப்படுகிறது.

முறைப்பாடுகள் எல்லாம் பழுதைப் பற்றியவை அல்ல என்பதையும் இங்கு சொல்லியாகவேண்டும். இலங்கையின் வீட்டு இணையத் திட்டங்கள் நெடுங்காலம் மாதத்துக்கு இத்தனை கிகாபைற் என்ற அளவுக் கட்டுப்பாட்டுடனேயே விற்கப்பட்டன. வரம்பற்ற திட்டங்கள் பொதுமக்களின் வற்புறுத்தலுக்குப் பின் 2021 இலேயே பரவலாக வந்தன. அளவு முடிந்தபின் வேகம் குறைக்கப்படுவதைப் பழுதென எண்ணி நிறுவனத்தை மாற்றுகிறவர், புதிய இடத்திலும் மாதக் கடைசியில் அதே நிலையைச் சந்திக்கிறார்.

பழைய இணைப்பு ஏன் கைவிடப்படுவதில்லை என்பதற்குச் சண்டிலிப்பாயில் மூன்று காரணங்கள் உள்ளன. ஒன்று, 021 என்று தொடங்கும் நிலையான தொலைபேசி இலக்கம். வெளிநாட்டு உறவினரின் நினைவிலும் கோயில் நிர்வாகத்தின் கொப்பியிலும் பதிந்துவிட்ட அந்த இலக்கம் கம்பியோடு வந்தது. கம்பியை ஒப்படைத்தால் இலக்கமும் போய்விடும். இரண்டாவது, இணைப்பு யாருடைய பெயரில் உள்ளது என்பது. வீட்டுக்குரியவர் காலமாகியோ கனடாவில் குடியேறியோ இருக்க, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஓர் உறவினராக இருக்கும் நிலை வலிகாமத்தில் சாதாரணம். பதிவுபெற்ற சந்தாதாரரின் அடையாள அட்டையும் கையொப்பமும் இல்லாமல் இணைப்பை முடிவுறுத்துவதை விட, மாதாந்தம் சிறு தொகையைக் கட்டிக்கொண்டு போவது இலகுவாகத் தோன்றுகிறது. மூன்றாவது காரணமே மிக நியாயமானது: கம்பியும் கோபுரமும் வெவ்வேறு பாதைகள் ஆகையால் ஒன்று விழும்போது மற்றது நிற்பதற்கு வாய்ப்புண்டு. 2022 இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் இந்தக் கணக்கும் ஓரளவு பிழைத்தது. கோபுரத்தின் மின்கலம் இறங்கியபின் அலையும் போய்விட்டது. வீட்டில் மின்சாரம் இல்லாமல் ஓஎன்டி பெட்டியும் எரியவில்லை. ரவுட்டருக்கென்று ஒரு சிறிய மின்கலப் பெட்டியை வாங்கி வைத்தவர்கள், நிறுவனம் மாறியவர்களை விட அந்த நாட்களில் கூடுதலான பயனடைந்திருப்பர்.

தமிழ்நாட்டின் கதை வேறு திசையில் சென்றது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையத்தை அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று சென்னை உள்ளிட்ட நகரங்களில் தொடங்கியது. 1998 இல் தனியாருக்கும் வழி திறக்கப்பட்டது. 2000 அக்டோபர் 1 அன்று செயற்படத் தொடங்கிய அரசு நிறுவனமான பிஎஸ்என்எல்லிடம் செம்புக் கம்பி இருந்தபோதிலும், தொண்ணூறுகளில் தெருத்தெருவாகக் கேபிள் தொலைக்காட்சி வடத்தை இழுத்துவிட்டிருந்த உள்ளூர்க் கேபிள்காரர்கள் கடைசி வழியின் மற்றோர் உரிமையாளராக ஏற்கெனவே உருவாகியிருந்தனர். இணையம் வந்தபோது தொலைக்காட்சிக்கு இழுத்த பாதையிலேயே அதையும் கொண்டுசென்றனர். ஏர்டெல், 2019 செப்டெம்பரில் வந்த ஜியோஃபைபர், ஏசிடி, உள்ளூர்ச் சிறு நிறுவனங்கள் என்று ஒரே மின்கம்பத்தில் நாலைந்து ஒளியிழைகள் தொங்கும் தெருக்களில், மாறுவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பே போதும். புதிய ஆள் மொட்டைமாடி வழியாகக் கம்பியை இறக்கிவிட்டுப் போவார். பழைய நிறுவனத்தின் கம்பியை எவரும் கழற்றுவதில்லை, அது அப்படியே சுருண்டு கிடக்கும்.

ஆனால் அந்தச் சுதந்திரத்துக்குள் ஒரு முடிச்சு உண்டு. நிறுவனத்தின் பெயர் மாறினாலும் தெருவுக்குப் பொறுப்பான ஆள் மாறாமலிருப்பது பல ஊர்களில் காணக்கூடியது. இன்று ஒரு நிறுவனத்தின் முகவராக இருப்பவரே நாளை இன்னொன்றின் முகவராகிறார், பிஎஸ்என்எல்லும் வருமானப் பங்கீட்டின் அடிப்படையில் இத்தகைய உள்ளூர்ப் பங்காளிகளைக் கொண்டே ஒளியிழையை வீடுகளுக்குக் கொண்டுசெல்கிறது. சந்தாதாரர் கோபித்துக்கொள்வது நிறுவனத்தோடு. அறுந்த நாரை ஒட்ட வருவது அதே கேபிள்காரர். ஆறு மாதம், ஓராண்டு என்று முன்கூட்டியே கட்டினால் கழிவு தரும் வழக்கமும் மாறும் விருப்பத்தைத் தடுத்துவைக்கிறது. எத்தனை நிறுவனங்கள் இருந்தாலும் அவற்றின் கம்பிகள் ஒரே கம்பத்தில் தொங்கும்வரை அவை ஒன்றுக்கொன்று காப்பாக மாட்டா என்பதை 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்த கஜா புயல் காட்டியது. யாழ்ப்பாணத்துக்கு நேரெதிர்க் கரையான வேதாரண்யத்தில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தபோது அவற்றில் ஏறியிருந்தவையெல்லாம் சேர்ந்தே சாய்ந்தன. இந்த ஒரு விடயத்தில், இரண்டு தெரிவுகள் மட்டுமே கொண்ட சண்டிலிப்பாய்க்காரரின் நிலை, ஐந்து தெரிவுகள் கொண்ட தஞ்சைக் கரையோரத்தவரின் நிலையை விடப் பாதுகாப்பானது என்றே கொள்ளவேண்டும்.

 

சட்டத்தின் பக்கம் இந்தியச் சந்தாதாரருக்கு ஒரு தெளிவான பிடிமானம் கிடைத்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006 இல் வெளியிட்ட அகலப்பட்டைச் சேவைத்தர விதிகள், பழுது மூன்று வேலைநாட்களுக்கு மேல் நீடித்தால் ஏழு நாள் கட்டணத்தையும், ஏழு வேலைநாட்களுக்கு மேற்பட்டால் பதினைந்து நாள் கட்டணத்தையும், பதினைந்தைத் தாண்டினால் ஒரு மாதக் கட்டணத்தையும் கழித்துவிட வேண்டுமென வகுத்தன. இணைப்பை முடிவுறுத்தினால் வைப்புப் பணத்தை 60 நாட்களுக்குள் திருப்பித்தரவும் அவை பணித்தன. 2024 ஆகஸ்டில் வெளியாகி அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த விதித்தொகுதி இப்போது அவற்றின் இடத்தில் உள்ளது. நீதிமன்ற வழி ஒருகாலத்தில் குறுகியது: தொலைபேசித் தகராறுகள் தந்திச் சட்டத்தின் கீழ் நடுவர் தீர்ப்புக்கே உரியவை என்று உச்ச நீதிமன்றம் 2009 இல் கிருஷ்ணன் என்பவரின் வழக்கில் கூறியிருந்தது. 2022 பெப்ரவரியில் வோடஃபோன் ஐடியா தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம், நுகர்வோர் ஆணையத்தை நாடும் உரிமை சந்தாதாரருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. இருந்தும் இந்தக் கழிவைக் கேட்டு வாங்குவோர் அரிது. கேபிள்காரரின் கைத்தொலைபேசி இலக்கம் கையில் இருக்கும்போது விதியைத் தேடிப் போகும் பழக்கம் எவருக்கும் வருவதில்லை. ‘அண்ணே, நெட் வரல’ என்ற ஓர் அழைப்போடு காரியம் முடிந்துவிடுகிறது.

இலங்கையில் அந்த அண்ணன் இல்லை. நிறுவனத்தின் உதவி இலக்கத்தில் முறைப்பாட்டு எண்ணைப் பெற்றுக்கொண்டு காத்திருப்பதும், பலனில்லாதபோது 1996 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் அமைந்த இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1900 என்ற இலக்கத்தை அழைப்பதுமே வழி. பதிவான முறைப்பாட்டு எண்ணைச் சார்ந்திருப்பதால் இந்த வழியில் நிறுவனம் தப்பிக்கொள்ள இடம் குறைவு. ஆனால் சங்குவேலியிலோ மாசியப்பிட்டியிலோ தனியே வாழும் எழுபது வயதுத் தாயார் ஒருவர் தானியங்கிக் குரலின் தெரிவுகளுக்கு ஏற்ப ஒன்றையும் இரண்டையும் அழுத்தி முறைப்பாட்டை முடிப்பார் என்று எதிர்பார்ப்பது சற்று மிகை.

கம்பிக்கும் கோபுரத்துக்கும் அப்பால் மூன்றாவது வழியும் இப்போது திறந்திருக்கிறது. வானில் தாழ்வாகச் சுற்றும் செய்மதிகளிலிருந்து நேரே வீட்டுக் கூரைத் தட்டுக்கு இணைப்பைத் தரும் ஸ்டார்லிங்க் சேவைக்கு இலங்கை 2024 ஆகஸ்டில் உரிமம் வழங்கியது. 2025 ஜூலையில் சேவையும் தொடங்கிவிட்டது. இந்தியாவில் அதற்கான உரிமம் 2025 ஜூனில்தான் கிடைத்தது. அதன் கருவி விலையும் மாதக் கட்டணமும் சாதாரண வலிகாமக் குடும்பத்துக்கு எட்டாதவை ஆகையால், சண்டிலிப்பாயில் கம்பியும் கோபுரமுமே இன்னும் பல காலம் போட்டியில் நிற்கும்.

இந்த நிலையில் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை எடுத்துக்கொள்ள வேண்டியது கம்பிகளின் எண்ணிக்கையை அன்று, அந்த நாட்கணக்குக் கழிவு முறையை. பழுது எத்தனை நாள் நீடித்தால் எத்தனை நாள் கட்டணம் கழிக்கப்படும் என்ற அட்டவணையை மாதாந்தக் கட்டணப் பட்டியலிலேயே மூன்று மொழிகளிலும் அச்சிடவும், முறைப்பாட்டு எண் பதிவான நாளிலிருந்து அந்தக் கழிவைச் சந்தாதாரர் கேளாமலே வரவு வைக்கவும், வெளிநாட்டில் வாழும் உரிமையாளரின் சார்பில் வீட்டிலிருப்பவர் இணைப்பை முடிவுறுத்தவோ பெயர் மாற்றவோ இலகுவான ஒரு படிவத்தை வழங்கவும் ஆணைக்குழு நிறுவனங்களைப் பணிக்க வேண்டும்.