மைதானத்தைச் சுற்றி ஓர் ஊர்

நகரம் கட்டும் கணினி விளையாட்டான 'சிட்டிஸ்: ஸ்கைலைன்ஸ்'-இல் ஸ்டேடியத்தைக் கொண்டுவந்து வைக்க ஒரு சொடுக்குப் போதும். அதைச் சுற்றி நிஜமாகவே ஓர் ஊர் இருக்கிறது என்று நம்பவைப்பதில்தான் கைவண்ணம் தெரியும். பயிற்சித் திடல், வண்டி நிறுத்தம், பின்சந்தில் நெருக்கியடித்த வீடுகள், வேலியோரம் மரங்கள். அந்த மரங்களை அளந்து வைத்ததுபோல நட்டால் பொய் தெரிந்துவிடும். ஒன்றைச் சற்றே நெருக்கி, இன்னொன்றைத் தள்ளி வைத்து, மறுபடி பார்த்து, மறுபடி நகர்த்த வேண்டும். என்ன பொறுமை!

காற்றாலைகள் சூழ்ந்த உடுமலைப்பேட்டைக்காரர்களுக்கு இந்த விளையாட்டில் தனிச் சுகம் உண்டு. விளையாட்டிலும் காற்று வலுக்கும் இடம் பார்த்துத்தான் காற்றாலை நிறுத்த வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் இரைச்சல் குடியிருப்போரை வாட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலை இறக்கைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய கணக்கு.

விளையாடுகிறவர்கள் அடுத்த முறை வானுயர்ந்த கட்டடங்களை விட்டுவிட்டு, உடுமலை நேதாஜி மைதானத்தை அதன் தெருக்களோடு கட்டிப் பார்க்கலாம்.