ஷுக்ரும் நன்றியும்: நம் எழுத்துக்களில் ஒரு குறை

நம்மவர் நடத்தும் ஏடுகளிலும் மீலாது மலர்களிலும் இறைவனுக்கு நன்றி செலுத்துவதைப் பற்றிக் கட்டுரைகளும் கவிதைகளும் ஏராளமாக வெளிவருகின்றன. எழுதுவோரின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் அவற்றுட் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. வறியவன் ஒருவன் புலம்பித் திரிகிறான். பெரியவர் ஒருவர் அறிவுரை கூற, 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்லப் பழகுகிறான். சில மாதங்களில் கடை பெருகுகிறது, மகளுக்கு நல்ல இடம் அமைகிறது. கதை முடிகிறது. சான்றாக, நன்றி செய்வோருக்கு மேலும் அதிகமாக்குவதாக இறைவன் வாக்களித்த இப்றாஹீம் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் அடியிற் காட்டப்படுகிறது.

வாக்குறுதி மெய்யானது. ஆனால் எதை அதிகமாக்குவான் என்பதை அவ்வசனம் சொல்லவில்லை. அங்கே வரும் அரபு வினை இரண்டு செயப்படுபொருள்களை ஏற்பது. யாருக்கு என்பது வசனத்தில் இருக்கிறது, எதை என்பது விடப்பட்டிருக்கிறது. இறைவன் திறந்து வைத்த அந்த இடத்தை நம் எழுத்தாளர்கள் பணத்தால் நிரப்பிவிட்டார்கள். முன் வசனத்தைப் படித்திருந்தால் இது நேர்ந்திராது. அங்கே மூஸா நபி (அலை) அவர்கள் தம் மக்களுக்கு நினைவூட்டுவது ஃபிர்அவ்னின் கொடுமையினின்று பெற்ற விடுதலையை, கடை வருமானத்தையன்று.

இக்குறைக்குச் சொல்லும் ஒரு காரணம் என்பது என் கருத்து. 'நன்றி செலுத்துதல்' என்று எழுதி எழுதிப் பழகிவிட்டோம். செலுத்துவது எதை? வரியை, கடனை, கட்டணத்தை. செலுத்தியவன் பற்றுச்சீட்டை எதிர்பார்ப்பது இயல்புதானே! பழந்தமிழ் அவ்வாறு சொல்லவில்லை. திருக்குறளின் பதினோராம் அதிகாரத்திற்குப் பெயர் 'செய்ந்நன்றி அறிதல்'. அங்கே நன்றி என்பது நமக்குச் செய்யப்பட்ட நன்மை. நம் பங்கு அதை அறிதல். பெற்ற உதவி சிறிதேயாயினும் அதைப் பெரிதாகக் காணும் கண்ணே அவ்வதிகாரத்தில் போற்றப்படுகிறது.

அரபு மொழிக்கு வருவோம். குறைந்த தீனியைத் தின்றும் உடல் கொழுத்து, உண்டதை மேனியில் காட்டும் கால்நடையை அரபியர் 'ஷகூர்' என்றனர். வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லாத பிராணி அது. அதன் மேனியே சாட்சி. 'ஷுக்ரு' என்னும் சொல்லுக்கு வெளிக்காட்டுதல் என்னும் பொருளை அகராதியாசிரியர் கூறுவர். இதற்கு எதிர்ச்சொல் 'குஃப்ரு'. மூடி மறைத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். விதையை மண்ணால் மூடுகின்ற உழவரைக்கூட இவ்வேரிலிருந்து பிறந்த சொல்லால் திருமறை ஓரிடத்தில் குறிக்கிறது. தமிழில் நன்றியறிதலும் நன்றி மறத்தலும் எவ்வாறு எதிர் நிற்கின்றனவோ, அவ்வாறே அரபியில் காட்டுதலும் மறைத்தலும் எதிர் நிற்கின்றன. இவ்விரண்டு மொழிகளையும் வீட்டிலும் மதரஸாவிலும் ஒருங்கே பெற்ற நாம், இரண்டையும் விட்டுவிட்டுக் 'கட்டணம் செலுத்துதலை'ப் பிடித்துக்கொண்டது வியப்பே.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பொறுமையையும் நன்றியையும் ஒரே பாகத்தில் வைத்துப் பேசுகிறார்கள். நன்றி என்பது அறிவு, உள்ளநிலை, செயல் ஆகிய மூன்றாலும் ஆவது என்பதும், அறிவே அதன் வேர் என்பதும் அவர்கள் கருத்து. 'அறிதல்' என்ற தமிழ்ச் சொல்லை இமாமவர்கள் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்! அங்கே ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. அரசன் ஒருவனுக்குக் குதிரை ஒன்றைக் கொடுக்கிறான். பெற்றவன் மூவகையாக மகிழலாம். நல்ல குதிரை கிடைத்ததே என்று மகிழலாம். அரசனின் அன்பு தன்மேல் இருக்கிறது என்று மகிழலாம். இதன்மேல் ஏறி அரசனுக்குப் பணிபுரிந்து அவனை நெருங்கலாமே என்று மகிழலாம். முதலாமவன் குதிரையைப் பாதையில் கண்டெடுத்திருந்தாலும் அதே அளவு மகிழ்ந்திருப்பான்; அவனுக்கும் நன்றிக்கும் தொடர்பில்லை. நம் மலர்க் கதைகளின் நாயகர் எல்லாரும் இந்த முதலாமவர்தாம். கடை பெருகியதோடு கதை நின்றுவிடுகிறது. பெருகிய கடையில் நிறுவை சரியாக இருந்ததா, வேலையாளுக்கு உரிய காலத்தில் கூலி கொடுக்கப்பட்டதா என்று எந்த எழுத்தாளரும் எழுதக் காணோம். தாவூது நபி (அலை) அவர்களின் குடும்பத்தாருக்கு இறைவன் இட்ட கட்டளையோ நன்றியைச் செயலாகச் செய்யுமாறு அமைந்தது. தேவையின்றி மரக்கிளையை ஒடிப்பதைக்கூட நன்றிகேட்டில் சேர்க்கிறார்கள் இமாமவர்கள்.

இவையெல்லாம் இன்ப காலத்தைப் பற்றியவை. துன்ப காலத்தைப் பற்றி எழுதும்போதுதான் நம் எழுத்துக்கள் பிழையினின்று கொடுமைக்குச் சென்றுவிடுகின்றன. இதைச் சொல்ல எனக்குத் தகுதியுண்டு. நானே அப்பிழையைச் செய்தவன். 2004 டிசம்பர் 26இல் நாகைக் கடற்கரையில் ஆழிப்பேரலை வந்துபோன மூன்றாம் நாள், மகனைப் பறிகொடுத்த ஒரு சிறு வணிகரின் வீட்டிற்குச் சென்றேன். மதரஸாவில் ஓதிக்கொடுக்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். "எல்லாம் அவன் நாட்டம், ஷுக்ரு செய்யுங்கள்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஹளரத், ஸப்ரு செய்யச் சொல்லுங்கள், செய்கிறேன். ஷுக்ரு செய்யச் சொல்லாதீர்கள்" என்றார்.

அன்று அவர் சொன்னதே கிதாபுகளுக்கு உகந்தது. கற்பித்த நான் தவறினேன், கல்லாத அவர் சரியாகச் சொன்னார். முஃமினின் நிலையை வியந்து கூறும் ஸஹீஹ் முஸ்லிமின் ஹதீஸில் இன்பத்திற்கு ஷுக்ரும் துன்பத்திற்கு ஸப்ரும் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. குழந்தையை இழந்த நிலையிலும் இறைவனைப் புகழ்ந்தவருக்குச் சுவனத்தில் வீடு கட்டப்படும் என்ற திர்மிதீயின் ஹதீஸில் வருவதும் ஹம்து, ஷுக்ரு அன்று. ஹம்துக்கும் ஷுக்ருக்கும் உள்ள வேறுபாட்டைக் கிதாபின் முதல் வரியிலேயே ஓதிக்கொடுக்கிறோம்: ஷுக்ரு, பெற்ற உபகாரத்திற்கு எதிராக நிகழ்வது, ஹம்து, உபகாரம் பெற்றாலும் பெறாவிட்டாலும் புகழுக்குரியவனைப் புகழ்வது. மகன் போன வீட்டில் ஹம்து சொல்லலாம். மகன் போனதற்காக நன்றி கேட்பது வேறு.

சோதனைக்குள்ளும் நன்றிக்கு இடமுண்டு என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்கியிருப்பதை நான் மறுக்கவில்லை. இதைவிடப் பெரிய துன்பம் வந்திருக்கக்கூடும் என்றெல்லாம் அவர்கள் கூறுகிறார்கள். துன்புற்றவன் தானே தன் உள்ளத்தில் கண்டுகொள்ள வேண்டிய செய்தி அது. அண்டை வீட்டுக்காரன் வந்து கட்டளையிடுவதற்குரியதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மகனார் இப்றாஹீம் மறைந்தபோது கண்ணீர் வடித்தார்கள். கண் அழுவதையும் உள்ளம் வருந்துவதையும் மறைக்கவில்லை. யஃகூப் நபியின் (அலை) கண்கள் துயரத்தால் வெளுத்தே போயின. இவர்களைவிட நன்றியறிந்தவர் யார்?

ஸாத் அத்தியாயத்தில் ஒரு நுட்பம் உண்டு. செல்வமும் ஆட்சியும் பெற்ற ஸுலைமான் நபிக்கும் (30ஆம் வசனம்), எல்லாம் இழந்து நோயுற்ற அய்யூப் நபிக்கும் (44ஆம் வசனம்) இறைவன் ஒரே பாராட்டை, ஒரே சொற்களால் வழங்குகிறான். அய்யூப் பொறுத்தார் என்கிறானே தவிர, நோய்க்கு நன்றி கூறினார் என்று அங்கே சொல்லவில்லை. அன்பியா அத்தியாயத்தில் வரும் அவருடைய வேண்டுதலையும் பாருங்கள். தம்மைத் துன்பம் தீண்டியதைச் சொல்கிறார், இறைவனின் கருணையைச் சொல்கிறார், நிறுத்திக்கொள்கிறார். வெளிப்படையாக ஒன்றும் கேட்கவில்லை. மீட்டுக் கொடுத்த செய்தி அடுத்த வசனத்தில் வருவது மெய்தான். அது இறைவனின் பேச்சு, அய்யூபின் பேச்சன்று.

முனாஜாத்து என்னும் வகையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் நாம். அச்சொல்லின் பொருள் அந்தரங்கமாகப் பேசுதல், கேட்டல் என்பதன்று. அதனால், அய்யூப் நபியின் வேண்டுதலை அது நிற்கும் இடத்திலேயே நிறுத்தி ஒரு முனாஜாத்து எழுதிவருமாறு இவ்வாண்டு என் மாணவர்களிடம் கூறினேன். பன்னிருவர் எழுதி வந்தனர். பத்துப் பேருடைய பாட்டில் கடைசி அடிக்குள் ஆடுமாடுகளும் தோட்டமும் திரும்பி வந்துவிட்டன.