கணினி மாதிரியும் மலைச்சரிவு மனையும்

கட்டட அமைப்பிற் கணினியின் பயன்பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கொழும்பு மாநகரின் அடுக்குமாடிகளையே உதாரணமாகக் காட்டுவர். அக்கருவி ஊவாத் தோட்டப்புறங்களுக்கு அதனினும் வேண்டற்பாலது. ஆயினும் கருவி வந்ததனால் மாத்திரம் அங்குள்ள குறை தீராது. இவ்விரண்டுமே இக்கட்டுரையின் துணிபு.

கட்டடத் தகவல் மாதிரி என்பது வரைபடத்திலிருந்து வேறுபட்டது. வரைபடத்திற் சுவர் என்பது இரு கோடுகள். மாதிரியிலோ, இன்ன பொருளாலானது, இவ்வளவு பாரம் தாங்குவது, இன்ன விலை பெறுவது என்னும் செய்திகளை அச்சுவர் தன்னுடன் கொண்டிருக்கும். ஓரிடத்தில் மாற்றஞ் செய்யின் தளப்படமும் வெட்டுமுகமும் பொருட்கணக்கும் ஒருங்கே மாறும். அமெரிக்க அறிஞர் சாள்ஸ் ஈஸ்ட்மன் 1970களில் இக்கருத்துக்கு அடித்தளமிட்டார். பிரித்தானிய அரசு 2016இல் தனது மத்திய அரசுக் கட்டடப் பணிகளுக்கு இதனைக் கட்டாயமாக்கிற்று.

பதுளை மாவட்டத்து மலைச்சரிவில் வீடு கட்டுவோர்க்கு இதனால் ஆவதென்ன? அங்கு வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பவை சரிவும் மண்ணும் மழைநீர் ஓடும் வழியுமாகும். 2016இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் மூன்றாங் கட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. குடும்பம் ஒன்றுக்கு 7 பேர்ச்சஸ் காணியும் 550 சதுர அடி வீடும் என்பது ஏற்பாடு. லயக் காம்பறாவிலிருந்து தனி வீட்டுக்குப் பெயர்தல் வரலாற்று மாற்றமே. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும், சமதரையிற் பொருந்தும் வீட்டுப்படம் சரிவில் அவ்வாறே பொருந்துவதில்லை. மண் வெட்டித் தளம் அமைத்தல் வேண்டும். தடுப்புச் சுவர் எழுப்புதல் வேண்டும். மேல்வீட்டுக் கானின் நீர் கீழ்வீட்டு அத்திவாரத்தை அரியாதிருத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்து முன்கூட்டியே கணித்தற்கு மாதிரி பெரிதும் துணைசெய்யும்.

ஆனால் கொஸ்லந்தை மீரியபெத்தை உணர்த்தும் பாடம் இதற்கப்பாற் செல்கின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் அத்தோட்ட லயங்களை மண்சரிவு மூடியது. அவ்விடத்தின் அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆகவே அறிவு இல்லாதிருந்தது எனக் கூறுதற்கில்லை. அறிவு ஒருபுறமும், பெயர்ந்து செல்ல மாற்றுக் காணியற்ற மக்கள் மறுபுறமுமாக நின்றமையே பேரிழப்புக்கு வழிவகுத்தது. இவ்விடைவெளியைக் கணினி தானாக நிரப்பும் என எதிர்பார்த்தல் பேதைமை.

லயமும் ஒரு மாதிரியே என்பதை நாம் மறத்தலாகாது. தொழிலாளரைத் தலைக்கணக்காக நோக்கிய துரைத்தனம், எந்த மலையாயினும் ஒரே அளவான காம்பறாக்களை வரிசையாக நிறுத்திற்று. அந்நோக்கு மாறாவிடின், புதிய கருவி பழைய லயத்தையே துல்லியமாக வரைந்து தரும்.

எனவே இருவகைச் செய்திகள் மாதிரியில் இடம்பெறல் வேண்டும். அடைமழையில் எவ்விடத்தில் ஊற்றுக் கிளம்பும், எந்தக் கான் தூர்ந்துள்ளது என்பவற்றைத் தலைமுறைகளாக அறிந்தோர் அம்மலையிற் கொழுந்து பறிப்போர். அவரது அறிவு முதலாவது. அபாயம் காணப்படின் அவர்க்குரிய மாற்றுக் காணி எது என்பது இரண்டாவது. வரைந்த மாதிரியைத் தமிழில் அவர்க்கு விளக்கி, அவர் மறுப்பின் திருத்துதலும் வடிவமைப்போர் கடனாகும். இவை நிறைவேறாதவிடத்துக் கணினி மாதிரி அலுவலகத்துக்கு அணியாகலாம். மலையக மனைக்குக் காவலாகாது.