தனிமொழி யாருக்குக் கேட்கிறது?

தனிமொழி என்றதும் எல்லாரும் ஹேம்லட்டின் அந்தப் பிரபலமான பேச்சைத்தான் எடுக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதே மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சி. 1600ஆம் ஆண்டை ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதியது.

அண்ணனைக் கொன்று அரியணையையும் அண்ணியையும் எடுத்துக்கொண்ட மன்னன் கிளாடியஸ், அரண்மனையில் நடந்த நாடகத்தில் தன் குற்றத்தையே பார்த்து ஆடிப்போய்விடுகிறான். தனியாக இருக்கும்போது கடவுளிடம் மன்னிப்புக் கேட்கப் பார்க்கிறான். முடியவில்லை. கொலையால் கிடைத்த எதையும் விடாமல் மன்னிப்பு மட்டும் எப்படிக் கிடைக்கும் என்று அவனுக்கே தெரிகிறது. அவன்மேல் லேசாக இரக்கம் வந்துவிடுகிறது. வந்ததே சங்கடமாகவும் இருக்கிறது.

அவன் மண்டியிட்ட பிறகு ஹேம்லட் வருகிறான். இப்போது கொன்றால் பிரார்த்தனையில் இருப்பவன் நேராகச் சொர்க்கம் போய்விடுவானே என்று யோசித்து, உருவிய வாளை உறையில் போட்டுவிட்டுப் போய்விடுகிறான். அவன் பேசுவதும் தனிமொழிதான். ஒரே மேடையில் இரண்டு பேர். ஒருவன் சொன்னது மற்றவனுக்குக் கேட்கவில்லை. ஹேம்லட் போனதும் கிளாடியஸ் எழுந்து, தன் பிரார்த்தனையில் மனசே இல்லை என்று ஒத்துக்கொள்கிறான்.

ஹேம்லட் முடிவெடுக்கத் தெரியாதவன் என்று சொல்லிச் சொல்லியே நமக்குப் பழகிவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் இங்கே அவன் முடிவெடுக்கிறான். அதற்கு ஆதாரமாக அவன் கண்ட காட்சிதான் பொய். அடுத்த காட்சியிலேயே, திரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பது மன்னனாக இருக்கும் என்று நினைத்துப் பொலோனியஸைக் குத்துகிறான். அங்கிருந்து ஒஃபீலியா, லேயர்டிஸ், அவன் அம்மா, கடைசியில் அவனே என்று சாவு நீள்கிறது.

தனிமொழி பாத்திரத்தின் மனசைச் சொல்வதற்கு என்று படித்திருப்போம். அது பாதிதான். யாருக்கு எது தெரியும், யாருக்குத் தெரியாது என்று பிரித்துவைப்பதும் அதன் வேலை. இந்தக் காட்சியில் முழு உண்மை பார்வையாளர்களுக்கு மட்டும்தான் தெரிகிறது. தெரிந்தும் எழுந்து நின்று சொல்ல முடியாது.

நாம் எழுதும் நாடகங்களில் தனிமொழி பெரும்பாலும் அழுது கொட்டும் இடமாகவே நின்றுவிடுகிறது. வெட்டினாலும் ஒன்றும் குறையாது. கிளாடியஸின் பேச்சை வெட்டிப் பாருங்கள். கதை அப்படியே நகரும். ஹேம்லட் ஏமாந்துபோனது மட்டும் யாருக்குமே தெரியாது.