கேளாமல் அளித்த தீர்ப்பு

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் ஒரு தேநீர்க் கடை. 1980களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கிருந்த வானொலியில் ‘பூம்புகார்’ ஒலிச்சித்திரம் கேட்டேன். ப. நீலகண்டன் இயக்கி 1964இல் வெளிவந்த அப்படத்திற்கு மு. கருணாநிதி உரையாடல் எழுதினார். எஸ்.எஸ். ராஜேந்திரன் கோவலனாகவும் விஜயகுமாரி கண்ணகியாகவும் நடித்தனர்.

ஒலிச்சித்திரத்தில் சிலம்பைக் காண இயலாது. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்பதைக் குரலே நமக்குச் சொல்ல வேண்டும். அந்தக் குறையே அதன் வலிமையுமாகிறது. கண்ணகியின் முழக்கத்தில் கடையே ஸ்தம்பித்து நின்றது. ஆயினும், அந்தச் சொல்வன்மையில் மயங்கும் நாம் ஒரு வினாவை மறந்துவிடுகிறோம்: இந்த விசாரணை கொலைக்கு முன்பே ஏன் நடைபெறவில்லை?

இளங்கோவடிகளின் கொலைக்களக் காதையை மீண்டும் படித்துப் பாருங்கள். பொற்கொல்லன் பேசுகிறான், கள்வரின் தந்திரங்களை விரித்துரைக்கிறான். இவன் கள்வன் அல்லன் என ஐயுறும் காவலரும் பேசுகின்றனர். ஆனால், குற்றம் சாட்டப்பட்ட கோவலன் அந்த இடத்தில் ஒரு சொல்லும் உரைப்பதில்லை. அதற்குள் கல்லாத ஒருவனின் வாள் பாய்ந்துவிடுகிறது. ‘கேட்டல்’ என்னும் தமிழ்ச் சொல்லுக்குச் செவிமடுத்தல், வினவுதல் என இரு பொருள் உண்டு. பாண்டியன் இரண்டையும் செய்யவில்லை. காப்பியம் அதை ஊழ்வினை என்று விளக்கினாலும், மன்னன் ஊழின் பின்னே ஒளியவில்லை. தானே கள்வன் என ஒப்புக்கொண்டு உயிர்விடுகிறான்.

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைத் திருமறையின் 12ஆம் அத்தியாயம் விவரிக்கிறது. சட்டை பின்புறம் கிழிந்திருந்ததே அவர்களின் தூய்மைக்குச் சான்றாயிற்று. அச்சான்று வெளிப்பட்ட பின்னரும் அவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அரசர் அழைத்தபோது உடனே வெளியேறாமல், முதலில் அப்பெண்களை விசாரிக்குமாறு கோரினார்கள். விடுதலையினும் பழி நீங்குவதே அவர்களுக்கு முதன்மையாக இருந்தது. கோவலனுக்கு அந்த வாய்ப்பு உயிரோடு கிட்டவில்லை.

இதை எழுதும் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. பல்லாண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் கைக்கடிகாரத்தைத் திருடினார் என்று புகார் வந்தது. அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்காமலே, விடுதியை விட்டு அனுப்பும் முடிவுக்கு நானும் உடன்பட்டேன். நான்கு நாள் கழித்து அக்கடிகாரம் தொலைத்தவரின் பெட்டியிலேயே கிடைத்தது. மாணவர் திரும்பி வரவில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, இரு தரப்பையும் கேட்கும் முன் தீர்ப்பளிக்க வேண்டாம் என அறிவுறுத்தினார்கள். அந்த நபிமொழியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். அவ்விடம் வரும்போது கண்ணகியின் குரலைவிடக் கோவலனின் மௌனமே என் செவியில் உரத்து ஒலிக்கிறது.