நான்கு கைகளில் ‘சைலண்ட் நைட்’

டிசம்பர் பிறந்தால் பியானோ வகுப்புகளில் கரோல் டூயட் வாசிப்பு தொடங்கிவிடும். என் வகுப்பில் அது பெரும்பாலும் ‘சைலண்ட் நைட்’தான். அந்தப் பாட்டு பிறந்ததே இருவர் பாட்டாக. 1818 டிசம்பர் 24 அன்று, சால்ஸ்பர்க் அருகே ஓபர்ண்டார்ஃப் தேவாலயத்தில், வரிகளை எழுதிய குருவானவர் யோசஃப் மோர் கிட்டார் மீட்டி டெனர் குரலில் பாட, மெட்டமைத்த பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபர் பாஸ் குரலில் சேர்ந்துகொண்டார்.

ஒரே பியானோவில் நான்கு கை வாசிப்பதைக் கற்றுத்தரச் சில வழிகள் உண்டு. பழைய வியன்னா வழியில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து உட்காருவார்கள். டியாபெல்லியின் ஓபஸ் 149 தொகுப்பில் மாணவருக்கு ஐந்தே சுரங்கள். கையை நகர்த்த வேண்டாம். மற்றதை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். ஆரம்ப மாதங்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. இன்னொன்று, ஷூபர்ட் காலத்து வீட்டுக்கூடங்களில் சரிசமமான இருவர் வாசித்த வழி. அப்படி இருவர் வாசிக்க, லிஸ்ட் தன் பேத்தி டேனியலாவுக்குக் காணிக்கையாக்கிய ‘கிறிஸ்துமஸ் மரம்’ தொகுப்புக்கும் நான்கு கை வடிவம் உண்டு. தேர்வு வழி வேறு: டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் பாடத்திட்டங்களில் மூன்றாம் கிரேடு வரை டூயட்டுக்கு இடமிருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளும் அந்தத் தேர்வுகளுக்குத்தான் தயாராகிறார்கள்.

இரண்டாம், மூன்றாம் கிரேடு பிள்ளைகள் இருவரைச் சரிசமமாக உட்காரவைப்பதே சரி என்பேன். ‘சைலண்ட் நைட்’ மெட்டு ஐந்து சுரத்துக்குள் அடங்காது. சி மேஜரில் வாசித்தால் கீழ் சி-யிலிருந்து மேல் எஃப் வரை போகும். ஒன்பதாவது பாரில் அந்த உச்சம் வரும்போது பிள்ளைகள் சுண்டுவிரலை எட்டி எட்டி நீட்டுவார்கள். சுரம் தவறும், தோளும் இறுகும். முந்தைய பாரின் நீண்ட ஈ சுரம் ஒலிக்கும்போதே அடுத்த இடத்தைக் கண்ணால் பிடித்து, அது முடிந்ததும் கட்டைவிரலை பி-யில் வைத்துவிட்டால் போதும். பி, சி, டி, ஈ, எஃப் ஐந்தும் ஐந்து விரலுக்குக் கீழே வந்துவிடும். இந்த ஒரு நகர்வைத் தனியாக எடுத்துப் பத்து முறை செய்யவைப்பேன்.

கீழ்ப்பகுதியான செகண்டோவுக்குத்தான் என் கவலை முழுவதும். “என் பிள்ளைக்கு ஏன் கீழ்ப்பகுதி?” என்று முகம் சுளிக்கும் பெற்றோர் உண்டு. சி, எஃப், ஜி செவன் என்று மூன்றே கார்டுகள்தானே என்பது அவர்கள் கணக்கு. ஆனால் பெடல் செகண்டோவின் காலில் இருக்கிறது. தன் கை வாசிப்பதை மட்டும் கேட்டுக்கொண்டு பெடலை மாற்றினால், பக்கத்தில் ஓடும் மெட்டு கலங்கிப் போகும். மற்றவர் வாசிப்பதைக் கேட்டுத் தன் காலை அசைப்பது சின்ன வேலையா? அதனால் என் வகுப்பில் இரண்டு பகுதியையும் இருவரும் படித்தாக வேண்டும். வாரத்துக்கு வாரம் இடம் மாறி உட்காருவார்கள்.

தப்பு நேர்ந்தால் நிறுத்தக் கூடாது. விட்டவர் அடுத்த பாரின் முதல் அடியில் வந்து சேர வேண்டும். எண்ணி ஆரம்பிக்கவும் நான் விடுவதில்லை. இருவரும் சேர்ந்து ஒரு மூச்சு இழுத்து, அந்த மூச்சின் வேகத்திலேயே தொடங்க வேண்டும். கடைசியான பன்னிரண்டாவது பாரில் நான்கு கைகளும் பெடல் காலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். போன வாரம் ஒரு ஜோடிக்கு அது முதல்முறையாக அமைந்தது. ஒலி அடங்கும்வரை இருவரும் கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.