வினாவும் அளவுகோலும்

ஓர் ஆய்வு நிறுவனத்தை மதிப்பிட விழைவோர் அது தரும் விடைகளோடு, அது எழுப்பும் வினாவையும் உசாவியறிதல் வேண்டும். இனம் பற்றிய ஆய்வில் இவ்வுண்மையை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் வரலாறு நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது.

1883-இல் ‘யூஜெனிக்ஸ்’ என்னும் சொல்லை ஆக்கியவர் பிரான்சிஸ் கால்ட்டன். உயர்ந்த குடிகள் பெருகவும் தாழ்ந்தவை குறையவும் வேண்டும் என்பதே அக்கொள்கையின் சாரம். 1911-இல் மறைந்த அவர் விட்டுச் சென்ற செல்வத்தால் அக்கல்லூரியில் ஒரு பேராசிரியர் இருக்கை அமைந்தது. அதில் முதலில் அமர்ந்தவர் கணித மேதை கார்ல் பியர்சன். ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் குடியேறிய யூதர்களின் பிள்ளைகளை அளந்து கண்ட முடிவுகளை, மார்கரெட் மௌலுடன் இணைந்து அவர் 1925-இல் வெளியிட்டார். சராசரியாக அவர்கள் உடலாலும் அறிவாலும் உள்நாட்டாரினும் சற்றுத் தாழ்ந்தோர் என்று அவ்வாய்வு தீர்ப்பளித்தது. வறுமையும் புதுநாட்டு வாழ்வின் இடர்களும் காரணமாகலாமே என்னும் எண்ணம் அங்கே எடுபடவில்லை.

அதே கல்லூரியில் 2019-இல் சாரா பார்க்கர் ரிமாண்ட் மையம் தோன்றியது. 1859-இல் அமெரிக்காவிலிருந்து பிரிட்டன் வந்து, அடிமை முறையை எதிர்த்து முழங்கிய கறுப்பினப் பெண்மணியின் பெயர் அது. பேராசிரியர் பால் கில்ராய் அதன் முதல் இயக்குநரானார். இனவெறியையும், மனிதரை இனங்களாக வகுக்கும் செயலையும் ஆராய்வதே தன் பணி என அம்மையம் தன் பெயரிலேயே அறிவித்தது. முன்பு அளக்கப்பட்டோர் விசாரணைக்குள்ளாயினர்; இப்போது அளக்கும் அதிகாரமே விசாரிக்கப்படுகிறது. இம்மாற்றத்தை நாம் மனமுவந்து வரவேற்கிறோம்.

2020-இல் கால்ட்டன், பியர்சன் பெயர்கள் கட்டடங்களிலிருந்து நீக்கப்பட்டன. 2021-இல் கல்லூரி மன்னிப்புக் கோரியது. இவை வேண்டியனவே, எனினும் போதியன அல்ல. பியர்சன் 1900-இல் வகுத்த கை-வர்க்கச் சோதனை இன்றும் உலகெங்கும் பயிலப்படுகிறது. நம் கல்லூரி மாணவரும் அதைக் கற்கின்றனர். அதனை விலக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. கணக்குச் சரியாக இருந்தும் வினா அநீதியாக இருக்கக் கூடும் என்பதை, அக்கணக்கைக் கற்கும் மாணவன் அறிய வேண்டும் என்கிறோம்.

எனவே இனவெறி பற்றிய ஆய்வு ஒரு மையத்தின் சுவர்களுக்குள் அடங்கிவிடலாகாது. புள்ளியியல், மரபியல் வகுப்பறைகளிலும் அது பாடமாக வேண்டும். இல்லையேல் பலகை மாறும். பழைய வினா புதிய கலைச்சொற்களோடு மீண்டும் வந்து அமரும்.